ஏர்பிரஷைக் கழுவுவது பற்றிச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானம், கவச வாகனம், போர்க்கப்பல் முதலியவற்றின் சிற்றுருவங்களைப் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து ஒட்டி உருவாக்கி வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அந்த முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் காற்றின் உதவியால் வண்ணத்தைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் என்ற கருவியைப் பராமரிப்பது பற்றி அதில் இடம்பெற்ற பத்தி திருத்தப்பட வேண்டியது. ஒவ்வொரு முறை வண்ணம் அடித்த பிறகும் கருவியை முழுவதுமாகக் கழற்ற வேண்டும், கழற்றிய பாகங்களை இரவு முழுவதும் தின்னரில் (வண்ணத்தைக் கரைக்கும் திரவத்தில்) ஊறவைக்க வேண்டும், அதற்கும் போகாத கறைக்குக் கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தில் ஊறவைக்கலாம் என்று மூன்று யோசனைகள் அங்கே கூறப்பட்டுள்ளன. இம்மூன்றையும் தவறாமல் கடைப்பிடிப்பவரின் கருவி விரைவிலேயே பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்து சேரும். அந்தப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்பவன் என்ற முறையில் எனக்கு அதனால் வருமானம் உண்டு என்றாலும், மாணவர்கள் பலர் கைக்காசைச் சேர்த்து வாங்கும் கருவி இது என்பதால் எழுதுகிறேன்.

மாடல்களுக்கு வண்ணம் அடிப்போரில் பெரும்பாலோர் வைத்திருப்பது, மேற்புறம் சிறு கிண்ணம் பொருத்தப்பட்ட இரட்டை இயக்க ஏர்பிரஷ். அதன் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும். முன்முனையில் உள்ள நாசிலின் துளை பொதுவாக 0.2 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். கூம்பாகக் கூர்த்த நீண்ட எஃகு ஊசி ஒன்று அத்துளையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விசை பின்னுக்குப் போகும்போது ஊசியும் பின்னுக்கு நகர, ஊசிக்கும் நாசிலுக்கும் நடுவே வளைய வடிவில் ஒரு மெல்லிய இடைவெளி திறக்கிறது. நாசிலைச் சுற்றி விரைந்து வெளியேறும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைப்பதால், வண்ணம் அந்த இடைவெளி வழியாக இழுக்கப்பட்டு நுண்துளிகளாகச் சிதறுகிறது. வண்ணமும் காற்றும் கருவியின் முனையிலேயே சந்திக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கரான சார்ல்ஸ் பர்டிக் 1890-களில் உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஆகவே ஏர்பிரஷைச் சுத்தம் செய்வது என்றால், முதலும் முக்கியமுமாக, அந்த மெல்லிய இடைவெளியைக் காயாமலும் கீறாமலும் காப்பது என்றே பொருள் கொள்ள வேண்டும். கிண்ணத்தின் உட்புறம் பளபளப்பாக இருப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய கறையால் வேலை கெடுவதில்லை.

சுத்தம் செய்யும் வேலை, வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஒவ்வொரு கோட்டை முடிக்கும்போதும் விசையை முதலில் முன்னுக்குத் தள்ளி வண்ணத்தை நிறுத்தி, அதன் பிறகே காற்றை நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால், ஊசி மூடும் நொடியில் வெளியே நிற்கும் ஒரு துளி வண்ணம் முனையிலேயே தங்கிவிடும். அடுத்த முறை விசையை அழுத்தியவுடன் அது பொட்டாகத் தெறித்து, மணிக்கணக்கில் உழைத்து முடித்த விமானத்தின் இறக்கையைக் கெடுக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் ஊசிமுனையில் காய்ந்து படிவதும் இப்படித்தான். சித்திரை, வைகாசி மாத வெப்பத்தில், மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் மிகுதி. அவ்வப்போது தின்னர் தோய்ந்த மென்மையான தூரிகையால் ஊசிமுனையை ஒற்றியெடுப்பதும், வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தில் ஓரிரு துளிகளைக் கிண்ணத்தில் சேர்ப்பதும் பெரும்பாலான சமயங்களில் போதும். முனை அடைத்துக்கொண்டது என்று, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரின் அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அழுத்தம் கூடக் கூட வண்ணத்துளிகள் வழியிலேயே காய்ந்து தூசியைப் போலப் படியும். ஊசிமுனையும் விரைவாகக் காயும். மாடல் வேலைக்குச் சுமார் 15 முதல் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தமே வழக்கம்.

ஒரு வண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கருவியைக் கழற்றவே தேவையில்லை. கிண்ணத்தில் மிஞ்சியதை ஊற்றிவிட்டு, டிஷ்யூ தாளால் உட்புறத்தைத் துடைத்து, ஏற்ற கழுவு திரவத்தைச் சில துளிகள் விட்டுத் தூரிகையால் கிண்ணத்தின் அடிவரை கலக்கி, வெளியே பீய்ச்சிவிட வேண்டும். பிறகு மீண்டும் சிறிதளவு விட்டு, முன்முனையின் மூடியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டோ, மடித்த துணியால் முனையை மெல்ல மூடிக்கொண்டோ, குறைந்த அழுத்தத்தில் விசையை இயக்கினால், காற்று முன்னே போக வழியின்றிப் பின்னோக்கித் திரும்பி நாசில் வழியாகக் கிண்ணத்துக்குள் குமிழ் விடும். நாசிலின் உட்சுவரில் ஒட்டிய வண்ணத்தை வெளியே தள்ளுவது இந்தக் குமிழ்தான். கிண்ணம் நிரம்ப ஊற்றிவிட்டு இதைச் செய்தால் தின்னர் முகத்தில் தெறிக்கும். வெறும் விரலால் முனையை மூடினால் ஊசி குத்தும். பீய்ச்சும் திரவம் நிறமின்றி வரும்வரை இதை இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த வண்ணத்துக்குக் கருவி தயார். வெளிர் நிறங்களை முதலில் அடித்து அடர் நிறங்களுக்குப் போவதும் வேலையைக் குறைக்கும். வெள்ளி, செம்பு போன்ற உலோக வண்ணங்களுக்கு மட்டும், கழற்றாமல் கழுவும் இந்தச் சலுகை செல்லாது. அவற்றிலுள்ள மின்னும் துகள்கள் ஏதேனும் ஒரு மூலையில் தங்கி, அடுத்து அடிக்கும் கறுப்பில் நட்சத்திரங்களாக வந்து சேரும். உலோக வண்ணம் அடித்த நாளில் முழுமையாகக் கழற்றிக் கழுவுவதை நானும் பரிந்துரைக்கிறேன்.

எந்த வண்ணத்துக்கு எந்தத் திரவம் என்பதில்தான் கட்டுரையாளர் மிகவும் அவசரப்பட்டிருக்கிறார். "தின்னர்" என்று ஒரே சொல்லில் அவர் முடித்துக்கொண்டார். ஸ்பெயினின் வயேஹோ போன்ற நிறுவனங்களின் நீர்வழி அக்ரிலிக் வண்ணங்கள் ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீருக்கே வழிவிடும். காயத் தொடங்கியதும் அவற்றிலுள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால், அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரைவதில்லை. முடித்தவுடன் கழுவினால் தண்ணீரிலேயே தீர்ந்துபோகும் வேலை, தேநீர் அருந்திவிட்டு வந்து கழுவும்போது வலுவான திரவத்தைக் கேட்பது இதனால்தான். இவ்வகை வண்ணம் கிண்ணத்தில் இருக்கும்போது ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை ஊற்றினால் அது கரைவதற்குப் பதிலாகத் திரிந்து, ரப்பர் போன்ற கட்டிகளாகி நாசிலை அடைத்துவிடும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு அந்த வண்ணத்துக்கென்று விற்கப்படும் கழுவு திரவம் என்ற வரிசையை மாற்றக் கூடாது. ஜப்பானின் தமியா நிறுவனம் சிறு கண்ணாடிப் புட்டிகளில் விற்கும் அக்ரிலிக் வண்ணமோ வேறு வகையைச் சேர்ந்தது. அது ஆல்கஹாலிலும் அந்நிறுவனத்தின் சொந்தத் தின்னரிலும் நன்றாகக் கரையும். எனாமல் வண்ணங்களுக்கு மினரல் டர்பன்டைன் போதும். லாக்கர் வண்ணங்களுக்கு லாக்கர் தின்னர் தேவை. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் மரச்சாமான் பாலிஷ் வேலைக்காக விற்கப்படும் என்.சி. தின்னர் கழுவும் வேலைக்குப் பயன்படும், விலையும் குறைவு. ஆனால் அதை வண்ணத்தில் கலப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக்கையே அரித்துவிடும் அளவுக்கு அது வலுவானது.

இனி அந்த நீல நிறத் திரவம். கண்ணாடி துடைப்பான்களில் சில வகைகளில் அம்மோனியா உண்டு. அம்மோனியா காய்ந்த அக்ரிலிக்கை இளக்கும் என்பது உண்மை; அதனால்தான் இந்த யோசனை பல நாடுகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஏர்பிரஷின் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. பல கருவிகளில் நாசிலும் செம்புக் கலவையே. அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் உள்ள பகையைப் பற்றி நம் நாட்டோடு தொடர்புடைய வரலாறு ஒன்றே இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைகள், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது, அவற்றின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறைகளைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அந்த வெடிப்பை உண்டாக்கின என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1921-இல் விளக்கினார்கள். திருகி இறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும் நாசிலின் மெல்லிய மரையும் இறுக்கத்துக்கு உட்பட்ட உலோகம்தான். ஒரு முறை துடைத்துவிட்டு உடனே தண்ணீரில் அலசினால் பெரிய கேடு வந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஊறவைக்கும்படி செய்தித்தாளில் எழுதுவது சரியன்று. அம்மோனியா இல்லாத கழுவு திரவங்கள் எளிதாகக் கிடைக்கும் நிலையில் அதற்குத் தேவையும் இல்லை.

கருவியைக் கழற்றும் பகுதிக்கு வருகிறேன். என்னிடம் பழுதுக்கு வரும் ஏர்பிரஷ்களில் வண்ணம் அடிக்கும்போது கெட்டவை மிகச் சிலவே. பெரும்பாலானவை கழற்றும்போதோ மாட்டும்போதோ கெட்டவை. ஜப்பானின் இவாட்டா கருவிகள் பலவற்றிலும், அவற்றைப் பார்த்துச் செய்யப்படும் மலிவான கருவிகளிலும், நாசில் என்பது அரிசிமணி அளவிலான, மரை வெட்டப்பட்ட பாகம். அதைச் சிறு ஸ்பேனரால் திருகும்போது, மணிக்கட்டின் பலம் முழுவதையும் செலுத்தினால் மரை அப்படியே முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். விரலால் திருகி, அதற்கு மேல் ஸ்பேனரால் தொட்டுவிட்டது என்று தெரியும் அளவுக்குத் திருப்பினால் போதுமானது. ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் கருவிகளில் நாசிலுக்கு மரையே இல்லை. தலைப்பகுதியில் செருகி மூடியால் இறுக்குவது மட்டுமே. கழற்றிக் கழற்றிக் கழுவும் பழக்கத்தை விட முடியாதவர்கள் அத்தகைய கருவியை வாங்குவது நல்லது.

ஊசியை வெளியே எடுப்பதற்கு முன், உள்ளிருக்கும் வண்ணம் முழுவதும் போகும்வரை சுத்தமான திரவத்தைப் பீய்ச்சிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னோக்கி இழுக்கும்போது ஊசியில் ஒட்டிய வண்ணம் அதைச் சூழ்ந்துள்ள சிறு அடைப்பு வளையத்தில் ஈஷிக்கொண்டு, காய்ந்ததும் விசையைக் கனக்கச் செய்யும். எடுத்த ஊசியை டிஷ்யூ தாளின் மீது கிடத்தி, சுழற்றிக்கொண்டே, தண்டுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் முனை தாளில் சிக்கி வளையும், விரலையும் குத்தும். முனை வளைந்திருக்கிறதா என்று அறிய, அதை நகத்தின் மீது மிக மெல்ல இழுத்துப் பார்த்தால் போதும். கொக்கி போல உரசினால் வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த முனையை அப்படியே பின்னோக்கி இழுத்தால் அது நாசிலின் வாயை விரித்துவிடும் என்பதால், வெளியே தெரியும்போதே பார்த்துவிட்டு, நாசிலைக் கழற்றி ஊசியை முன்பக்கமாக எடுப்பதே பாதுகாப்பானது. சிறிய வளைவைக் கண்ணாடித் தகட்டின் மீது உருட்டி நிமிர்த்திவிடலாம். பெரிய வளைவுக்குப் புது ஊசிதான்.

நாசிலின் உட்புறத்தைத் தையல் ஊசி, குண்டூசி, கிதார் கம்பி ஆகியவற்றால் குடைகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மி.மீ.யில் சில பங்கு அளவே உள்ள துளையின் விளிம்பில் எஃகு உரசினால் ஏற்படும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சுவதில் தெரிந்துவிடும். பல் இடுக்குகளைத் துலக்கும் மெல்லிய தூரிகையைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தினால் போதும். அதற்கும் மசியாத படலம் இருந்தால், நாசிலை மட்டும் பொருத்தமான திரவத்தில் சிறிது நேரம் போட்டுவைத்து மீண்டும் துலக்கலாம். மீயொலிக் கழுவி (ஒலி அதிர்வால் பாகங்களைச் சுத்தம் செய்யும் தொட்டி) வைத்திருப்பவர்கள் அதில் தண்ணீரும் சில துளிகள் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் மட்டுமே ஊற்ற வேண்டும். தீப்பற்றும் தின்னரை அந்தத் தொட்டியில் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து.

மீண்டும் மாட்டிய பிறகு, வண்ணம் அடிக்கும்போதே கிண்ணத்தில் தானாகக் குமிழ்கள் எழுந்தால், நாசில் அமரும் இடத்தில் காற்றுக் கசிகிறது என்று பொருள். நாசில் தளர்ந்திருக்கலாம், அமரும் முகத்தில் வண்ணத்துணுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது நாசிலில் வெடிப்பு விழுந்திருக்கலாம். இறுக்குவதற்கு முன் உருப்பெருக்கியால் பார்ப்பது நலம். மரையில் மிகச் சிறிதளவு தேன்மெழுகைத் தடவினால் இலேசான கசிவு நின்றுவிடும்.

இரவு முழுவதும் ஊறவைப்பது பற்றியும் ஒரு சொல். கருவிக்குள் காற்று வால்வு, கைப்பிடி இணைப்பு, சில கருவிகளில் தலைப்பகுதி ஆகிய இடங்களில் சிறு ஓ-ரிங்குகள் உள்ளன. ஊசியைச் சூழ்ந்துள்ளது டெஃப்லான் வளையமாக இருந்தால் அதற்குத் தின்னரால் பயமில்லை. சாதாரண ரப்பர் வளையங்களோ லாக்கர் தின்னரில் ஊறினால் உப்பிப் பெருத்து, பின்னர் காய்ந்து சுருங்கி, காற்றை அடைக்கும் வலுவை இழந்துவிடும். விசை மீண்டும் மேலெழாமல் சிக்கிக்கொள்வதற்கும், அழுத்தாமலேயே காற்றுக் கசிவதற்கும் இதுவே காரணமாக இருப்பதை அடிக்கடி காண்கிறேன். ஆகவே உடல்பகுதியை எந்தத் திரவத்திலும் மூழ்கடிக்காதீர்கள். விசையின் அடித்தண்டுக்கும் ஊசியின் நடுப்பகுதிக்கும் ஏர்பிரஷுக்கென்று விற்கப்படும் மசகை ஊசிமுனையளவு தடவுவது போதுமானது. சிலிகான் கலந்த எண்ணெய் வண்ணத்தில் கலந்தால், அது பரப்பில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிவிடும். தேங்காய் எண்ணெயைப் பூசி அனுப்பியவர்களும் உண்டு. மார்கழிக் குளிரில் உறையும் எண்ணெயை விசைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கம்ப்ரஸரையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதிலுள்ள நீராவி தண்ணீராகும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கம்ப்ரஸர் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது குழாய் வழியாக வந்து வண்ணத்தின் நடுவே துளியாகத் தெறிக்கும். பலர் இதை ஏர்பிரஷின் அழுக்கு என்று எண்ணிக் கருவியைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நீர்ப்பிரிப்பான் இருந்தாலும், தொட்டியை ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் வடித்துவிட வேண்டும்.

கட்டுரையின் பெரிய குறை கடைசியில்தான் இருக்கிறது. வண்ணம் அடிக்கும்போது முகக்கவசம் அணியச் சொன்ன கட்டுரையாளர், கழுவும்போது அணியச் சொல்லவில்லை. கழுவும்போது நாம் பீய்ச்சுவது கலப்பில்லாத கரைப்பான். என்.சி. தின்னரில் டொலுவீன் போன்ற பொருட்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி தலைச்சுற்றலைத் தரும், நீண்டகாலம் சுவாசித்தால் நரம்புகளைப் பாதிக்கும். என்-95 வகைக் கவசம் துகள்களைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டிக் குப்பிகள் பொருத்திய கவசமே பயன்படும். திறந்த அறையில் பீய்ச்சாமல், வடிகட்டியுள்ள மூடிய கழுவு சாடிக்குள் பீய்ச்சுவதே முறை. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவிச் செல்லும். அதே அறையில் பூசை விளக்கோ கொசுவர்த்தியோ எரியக் கூடாது. கழுவிய திரவத்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாமல் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சேர்த்துவைத்தால், ஓரிரு நாளில் வண்ணம் அடியில் படியும்; மேலே தெளிந்திருப்பதை அடுத்த முறை முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பள்ளி மாணவர்களும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கக்கூடும். எனவே, இணைப்பின் அடுத்த இதழில், ஊறவைப்பது, கண்ணாடி துடைப்பான் ஆகிய இரு யோசனைகளையும் திரும்பப் பெற்று, கழுவும்போதும் ஆவிக்கான கவசம் தேவை என்பதையும் சேர்த்து, ஒரு சிறு திருத்தத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் நீளமாகிவிட்டது என்றால் வேறு எதை நீக்கினாலும் கவசம் பற்றிய பகுதியை நீக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சென்னை.